கழுத்தில் என்ன உறுத்துகிறது?

(புதுச்சேரியில் பெண்களுக்காக நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொன்னது எனக்காக இல்லை. நான் என் பங்குக்கு வெந்து தணிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. முன்வரிசையில் நாலைந்து பேர் அழைப்பிதழை மடித்து விசிறிக்கொண்டிருந்தீர்கள், அதனால் சொன்னேன். அது வெளி வெயிலா உள் வெயிலா என்று கேட்க மாட்டேன். கடலோர ஊர்க்காரிகளுக்கு இது ஒரு சௌகரியம். சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும் யாருக்கு வியர்த்தாலும் யாரும் ஏனென்று கேட்பதில்லை. மார்கழியில் வியர்த்தால்தான் மாட்டிக்கொள்வோம்.

நான் மாட்டிக்கொண்டது மார்கழியில். வயது 47. வகுப்பில் கரும்பலகையில் அவகாட்ரோ எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன். வேதியியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: 6.022 பெருக்கல் பத்தின் அடுக்கு 23. அந்த 23-ஐ எழுதி முடிக்கவில்லை, நெஞ்சுக்கு நடுவிலிருந்து குப்பென்று ஓர் அனல் கிளம்பிக் கழுத்து வழியாக முகத்துக்கு ஏறியது. காது மடல் வரை காந்தியது. இரண்டு நிமிஷம் இருக்கும். பிறகு ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொள்ள, உடம்பு சில்லிட்டது. திரும்பினால் வகுப்பே கப்சிப்பென்று இருக்கிறது. முகம் சிவந்ததைப் பார்த்து டீச்சருக்குக் கோபம் என்று பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கோபத்தை வகுப்பில் மதிப்பார்கள். இதை என்னவென்று சொல்வது?

நம் வீடுகளில் சொல்லும் பேச்சைக் கவனியுங்கள். தூரம் நின்னுடுச்சு, தீட்டு நின்னுபோச்சு, மாசம் நின்னு வருஷம் ஆச்சு. எல்லாம் நின்றதைச் சொல்லும் பேச்சு. நின்ற பிறகு ஏதோ ஆரம்பிக்கிறதே, அதற்குப் பேச்சு இல்லை. என் அம்மா ‘உள்காந்தல்’ என்பார். அதையும் பித்தம் என்று சொல்லி முடித்துவிடுவார்.

மெனோபாஸ் என்ற சொல் ஒரு வகையில் நம் ஊருக்கு உறவு. அது பிரெஞ்சுக்காரர் கொடுத்த சொல். கார்தான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1821-ல் இதைத் தன் புத்தகத்தின் தலைப்பிலேயே போட்டார். இரண்டு வருஷம் கழித்து, 1823-ல், அதே பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரில் ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். இன்றைய ஜிப்மரின் முன்னோடி அதுதான். சொல்லும் பள்ளியும் இருநூறு வருஷமாக இருக்கின்றன. ஆனால் நாற்பத்தேழு வயதில் எனக்கு வந்தது என்னவென்று தெரிந்துகொள்ள நான் அலைந்த அலைச்சல் தனிக் கதை.

முதலில் போன இடத்தில் மூன்று நிமிஷம். “இந்த வயசுல இப்படித்தாம்மா இருக்கும், கால்சியம் எழுதித் தரேன்.” எப்படி இருக்கும், எவ்வளவு நாள் இருக்கும் என்று கேட்க வாய் திறப்பதற்குள் அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டாவது போன இடத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். சின்னதாக ஒரு கட்டி, பயப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் “இனிமே அது எதுக்கு? எடுத்துட்டா தொல்லை விட்டது” என்றார்கள். என் கர்ப்பப்பையைத்தான் சொன்னார்கள். வீட்டில் பழைய பீரோவைப் போடலாமா வைத்துக்கொள்ளலாமா என்று பேசுவோமே, அந்தக் குரலில். இரண்டு இடத்தின் பெயரையும் சொல்ல மாட்டேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வாசலில் எண்பது பேர் காத்திருந்தார்கள்.

மூன்றாவதாகப் போனதுதான் ஹோமியோபதி. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர், வீட்டுத் திண்ணையையே மறைத்து அறையாக்கி வைத்திருந்தார். ஒரு மேசை, ஒரு மர அலமாரி, அலமாரி முழுக்கச் சின்னச் சின்னக் குப்பிகள். வேதியியல்காரி நான். குப்பிகளின் மேல் எழுதியிருந்த எண்களைப் பார்த்ததும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு அக்கா இழுத்துக்கொண்டு போயிருக்காவிட்டால் போயிருக்க மாட்டேன்.

ஒரு மணி நேரம் கேட்டார். எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பேன்? தூங்கி எழுந்தால் உடம்பு தேவலையா, மோசமா? யார்மேல் எரிச்சல் வருகிறது? அழுகை வந்தால் யாராவது தேற்றுவது பிடிக்குமா, தனியாக விட்டால் பிடிக்குமா? புளிப்பு வேண்டுமா, இனிப்பு வேண்டுமா? நடுவில் பேனாவை வைத்துவிட்டு, “ஏம்மா, கழுத்துல ஏதாச்சும் உறுத்துதா?” என்றார்.

என் கை தன்னால் தாலிச் சங்கிலிக்குப் போனது. நாலு மாதமாக ராத்திரி அதைக் கழற்றித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுக்கிறேன். விடியுமுன் எடுத்துப் போட்டுக்கொள்வேன். கணவருக்குத் தெரியாது, மாமியாருக்குத் தெரியாது. கழுத்தில் நூல் பட்டாலே மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. அந்தப் பெரியவரிடம் அதைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எழுதிக்கொண்டார். பிறகு எழுந்து ஒரு குப்பியை எடுத்து, ஜவ்வரிசி மாதிரி இருக்கும் உருண்டைகளில் நாலு சொட்டு விட்டுக் கொடுத்தார். லாக்கேசிஸ் 200. காபி கூடாது, பச்சை வெங்காயம் கூடாது, கற்பூரம் பக்கத்தில் வைக்கக் கூடாது.

மூன்று மாதத்தில் பாதிக்கு மேல் குறைந்தது. உள்ளதைச் சொல்கிறேன். ராத்திரி தூக்கம் வந்தது, எரிச்சல் அடங்கியது, பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தப் பெயரைச் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். இன்றைக்கு நான் இங்கே நிற்பதற்குக் காரணம் அப்படி எழுதிக் கொடுத்த ஒரு சீட்டு. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தக் குப்பிக்குள் என்ன இருந்தது என்று பார்ப்போம். லாக்கேசிஸ் என்பது தென் அமெரிக்கக் காட்டுப் பாம்பு ஒன்றின் விஷம். கான்ஸ்டன்டைன் ஹெரிங் என்ற ஜெர்மானியர் 1828-ல் சூரினாமில் அந்த விஷத்தை எடுத்துத் தன் மேலேயே சோதித்துப் பார்த்தார். ஹெரிங்கின் ஆசான் சாமுவேல் ஹானிமான், ஹோமியோபதியை உண்டாக்கியவர். 1755-ல் ஜெர்மனியின் மைசனில் பிறந்தவர், 1810-ல் ‘ஆர்கனான்’ எழுதியவர். ஆனால் அவர் கடைசி எட்டு வருஷம் வாழ்ந்தது பாரிஸில். அது ஒரு காதல் கதை. எண்பதைத் தொடப்போகிற வயதில் மனைவியை இழந்து இருந்தவரைத் தேடி, மெலனி என்ற பாரிஸ் ஓவியர் ஆண் வேடத்தில் பயணம் செய்து போனார். அவருக்கு வயது முப்பத்து சொச்சம். 1835-ல் கல்யாணம் செய்துகொண்டு கிழவரைப் பாரிஸுக்கே கூட்டி வந்துவிட்டார். 1843-ல் அங்கேயே ஹானிமான் இறந்தார். இன்று பெர்-லாஷேஸ் கல்லறையில் இருக்கிறார். மெலனி தானும் வைத்தியம் பார்த்தார், பட்டம் இல்லாமல் பார்த்ததற்காக 1847-ல் நீதிமன்றம் அவருக்கு அபராதம் விதித்தது. அபராதம் மருந்துக்கு இல்லை, பட்டம் இல்லாததற்கு. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

நம் பக்கத்திலும் இதன் வேர் பழையது. 1840-களிலேயே தஞ்சாவூரில் ஒரு வெள்ளைக்கார சர்ஜன் ஹோமியோபதி மருத்துவமனை நடத்தியிருக்கிறார். 1880-ல் மங்களூரில் ஃபாதர் முல்லர் ஏழைகளுக்கு மருந்தகம் திறந்தார். வங்காளத்தில் மகேந்திரலால் சர்க்கார் என்ற பெரிய அலோபதி மருத்துவர் 1867-ல் கட்சி மாறியதும் அங்கே அது வீட்டு வைத்தியம் மாதிரி பரவியது. அந்த வங்காளக் காற்று கொஞ்சம் நம் ஊர் அரவிந்தர் ஆசிரமத் தெருக்களுக்கும் வந்தது. 1930-களில் ஆசிரம மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட நிரோத்பரன் எடின்பரோவில் அலோபதி படித்தவர். ஸ்ரீ அரவிந்தரோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்தில் ஹோமியோபதி சரியா தப்பா என்ற வாதம் திரும்பத் திரும்ப வரும். இன்று நம் அரசிலேயே இந்திய மருத்துவத்துக்கும் ஹோமியோபதிக்கும் சேர்த்து ஓர் இயக்குநரகம் இருக்கிறது. மத்திய ஹோமியோபதி ஆராய்ச்சிக் கழகத்தின் கிளை ஒன்றும் இந்த ஊரில் உண்டு. ஆக, இது மூலைத்தெரு ரகசியம் ஒன்றும் இல்லை. சீட்டு வாங்கி வரிசையில் நின்று வாங்கும் மருந்து.

மாதவிடாய் நிற்கும் காலத்துக்கு இவர்கள் கொடுக்கும் மருந்துகளைப் பார்த்தால் ஒரு சின்ன மிருகக்காட்சிசாலையும் தோட்டமும் சேர்ந்த மாதிரி இருக்கும். பாம்பு விஷம் லாக்கேசிஸ். வட அமெரிக்கச் செடிகள் சிமிசிஃபியூகா, சாங்குவினேரியா. கந்தகம். பல்சட்டில்லா என்ற பூச்செடி. கிளோனாயின் என்றால் நைட்ரோகிளிசரின். ஆமாம், பாறைக்கு வெடி வைக்கிற அதே நைட்ரோகிளிசரின், நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கடியில் வைக்கிற மாத்திரையும் அதுதான். அதைத் தொட்டால் ரத்தக் குழாய் விரிந்து முகம் சிவக்கும், தலை இடிக்கும். எது ஒரு கோளாறை உண்டாக்குமோ அதுவே மிக நுண்ணிய அளவில் அந்தக் கோளாறைத் தீர்க்கும் என்பது ஹானிமானின் விதி. முகம் சிவக்க வைப்பது முகம் சிவப்பதைத் தீர்க்கும். கேட்க அழகாக இருக்கிறது.

அப்புறம் செபியா. அது நம் கணவாய் மீனின் மை. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கூடையில் கொட்டும்போது கறுப்பாக ஒழுகுமே, வாங்கிக் கழுவும்போது கைவிரலெல்லாம் ஆகுமே, அந்த மைதான். ஹானிமானின் ஓவிய நண்பர் ஒருவர் இந்த மை தொட்ட தூரிகையை நாக்கில் நக்கி நக்கி உடம்பைக் கெடுத்துக்கொண்டார், அதைப் பார்த்துத்தான் மருந்தே பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள்.

செபியாவுக்கு ஏற்ற பெண் எப்படி இருப்பாள் என்று அவர்கள் புத்தகங்களில் ஒரு சித்திரம் இருக்கிறது. நான் நூலகத்தில் உட்கார்ந்து அதைப் படித்தேன். களைத்துப்போனவள். அடிவயிறு கீழே இறங்குகிற மாதிரி உணர்பவள். வீட்டு வேலை என்றாலே சலிப்பு. கணவன் மேலும் பிள்ளைகள் மேலும் பாசம் வற்றிப்போனவள். தன் கதையைச் சொல்லும்போதே அழுதுவிடுபவள், தேற்றினால் கோபப்படுபவள். நடனமாடினால், வேகமாக நடந்தால் தேவலை ஆகிறவள். அப்படிப் பார்த்தால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு செபியா. நாலு மணிக்கு எழுந்து ராத்திரி பதினொரு மணி வரை அடுப்பிலும் மாமனாரின் மலச்சட்டியிலும் கிடப்பவளுக்குப் பாசம் வற்றியது நோயா? அவளுக்கு வேண்டியது கணவாய் மையா, ஒரு நாள் லீவா?

லாக்கேசிஸ் பெண் இன்னும் சுவாரசியம். வாய் ஓயாதவள், சந்தேகப் பிராணி, பொறாமைக்காரி, தூங்கி எழுந்தால் மோசமாகிறவள், கழுத்தில் எதுவும் இறுக்கக் கூடாது. இதைப் படித்தபோதுதான் புரிந்தது, பெரியவர் என் தாலியைப் பார்த்துக் கேட்கவில்லை, அவருடைய புத்தகம் கேட்கச் சொன்னதைக் கேட்டார். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. என் ரகசியம் என்று நினைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆண்கள் எழுதிய பட்டியலில் ஒரு வரி. இருந்தாலும் இதையும் சொல்ல வேண்டும். எங்கோ ஒரு பெண் அந்த ஆண்களிடம் கழுத்தில் துணி பட்டால் மூச்சு முட்டுகிறது என்று சொல்லியிருக்கிறாள், அவர்கள் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்குக் கால்சியம் எழுதித் தந்தவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

இப்போது குப்பியின் மேல் இருக்கும் எண். வாத்தியார் புத்தி, கணக்குப் போடாமல் விட முடியாது. ஒரு துளி மருந்து, தொண்ணூற்றொன்பது துளி சாராயம் கலந்த நீர். குலுக்கு. இது முதல் படி. அதிலிருந்து ஒரு துளி, மறுபடி தொண்ணூற்றொன்பது. இரண்டாம் படி. இப்படி முப்பது தடவை செய்தால் 30. இருநூறு தடவை செய்தால் 200. ஒவ்வொரு தடவையும் மிச்சத்தைக் கொட்டிவிட்டு ஒரு துளியை மட்டும் எடுப்பதால் தெரிவதில்லை. கொட்டாமல் அதே ஒரு துளியை மொத்தமாகக் கரைப்பதாக வையுங்கள். நாலாம் படிக்கு 5,000 லிட்டர் வேண்டும், ஒரு தண்ணீர் லாரி. எட்டாம் படிக்கு நம் ஊசுட்டேரி நிரம்பி வழிந்தாலும் போதாது. பன்னிரண்டாம் படிக்கு வங்காள விரிகுடா போதாது. பதின்மூன்றாம் படிக்கு உலகத்துக் கடல் எல்லாம் சேர்ந்தாலும் பற்றாது. இன்னும் பதினேழு படி பாக்கி, அதுவும் 30-க்கே. பன்னிரண்டாம் படியில்தான் அன்றைக்கு நான் கரும்பலகையில் எழுதிய எண் வந்து நிற்கிறது. அதைத் தாண்டினால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறு இருக்கும் என்பதற்கே உத்தரவாதம் இல்லை. என் 200-ல் பாம்பு இல்லை, விஷம் இல்லை. சர்க்கரை இருந்தது, கொஞ்சம் சாராய வாசனை இருந்தது.

அப்படியானால் எனக்கு எப்படிக் குறைந்தது? இந்தக் கேள்வி என்னை ஒரு வருஷம் படுத்தியது.

இந்த அனல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிந்துகொண்டேன். மூளைக்கு அடியில் உடம்பின் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பகுதி இருக்கிறது, ஃபிரிட்ஜில் இருக்கும் தெர்மோஸ்டாட் மாதிரி. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இருக்கும்வரை அது கொஞ்சம் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது அதன் பொறுமை குறைகிறது. உடம்புச் சூடு ஒரு இழை கூடினாலும் தீப்பிடித்த மாதிரி அலறி, தோலின் ரத்தக் குழாய்களைத் திறந்து வியர்வையைக் கொட்டுகிறது. இது கற்பனை இல்லை, மனப்பிராந்தி இல்லை. ஆனால் இது ஏறி இறங்கும். ஒரு மாதம் படுத்தும், அடுத்த மாதம் விடும். நாம் எப்போது வைத்தியரிடம் போகிறோம்? உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்தில் போனால் அடுத்து இறக்கம்தானே. மோர் குடித்திருந்தாலும் மோர்தான் குணப்படுத்தியது என்றிருப்பேன்.

அப்புறம் ஒரு எண் கிடைத்தது. 2004-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு. ஹார்மோன் மாத்திரையை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட 24 ஆய்வுகள், 3,329 பெண்கள். ஹார்மோன் எடுத்தவர்களுக்கு, வெற்று மாத்திரைக்காரர்களை விட முக்கால் பங்கு அனல் குறைந்தது. அதில் ஆச்சரியம் இல்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு எவ்வளவு குறைந்தது தெரியுமா? ஆரம்பத்தில் இருந்ததிலிருந்து 57.7 சதவீதம். பாதிக்கு மேல். நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்த அதே ‘பாதிக்கு மேல்’. அதைப் படித்த அன்று நூலகத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

காபியையும் கணக்கில் சேருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து தம்ளர் டிகிரி காபி குடித்துக்கொண்டிருந்தவள் நான். பலருக்கு அனலைக் கிளப்பிவிடுவதே காபிதான். மருந்தின் வீரியம் கெட்டுவிடும் என்று அவர் காபியை நிறுத்தச் சொன்னார். என்ன காரணத்துக்குச் சொன்னாலும் நின்றது நின்றதுதானே!

ஹோமியோபதிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். மத்திய ஆராய்ச்சிக் கழகத்தினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் செபியா, லாக்கேசிஸ் எல்லாம் கொடுத்துப் பார்த்துப் பெண்களுக்குக் குறைந்தது என்கிறார்கள். குறைந்திருக்கும். ஆனால் மருந்தில்லாத ஒரு குழுவை வைத்து ஒப்பிடவில்லை. இப்போது சொன்ன 57.7-ஐ மனதில் வைத்துக்கொண்டு அதைப் படியுங்கள். பிரான்ஸில் 2012-ல் வந்தது இன்னும் ஒழுங்கான ஆய்வு. 108 பெண்கள், 12 வாரம், ஒரு பகுதிக்கு வெற்று மாத்திரை. மருந்து பக்கம் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்திருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் வித்தியாசம் சின்னது, குழுவும் சின்னது, மருந்து செய்யும் நிறுவனமே நடத்தியது. அதில் இருந்தவை பெரும்பாலும் நாலாம் படி மருந்துகள், தண்ணீர் லாரியில் ஒரு துளி. ஒரே ஒரு ஆய்வை நம்பி ஓடத்தில் ஏற மாட்டேன்.

அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே பல பேருக்குத் தெரியும். பொய்ரோன். பிரெஞ்சுப் படையில் இருந்து பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பங்களில், லீவுக்கு வரும் பிள்ளைகள் பாரிஸிலிருந்து சாக்லெட்டோடு சின்னச் சின்னக் குழாய்களும் கொண்டு வருவார்கள். ஒரு குழாயில் 80 உருண்டை. திருகினால் ஒவ்வொன்றாக விழும். எனக்கும் ஒரு மாணவி கொண்டுவந்து கொடுத்தாள். “அங்க கவர்ன்மென்ட்டே காசு குடுக்குது மேடம், அப்ப உண்மைதானே?” என்றாள். அப்போது கொடுத்தார்கள், 30 சதவீதம். 2018-ல் 124 மருத்துவர்கள் பத்திரிகையில் எதிர்த்து எழுதினார்கள், பெரிய சண்டை. அரசின் உயர் மருத்துவ ஆணையம் ஆராய்ந்து, பொதுப்பணம் கொடுக்கும் அளவுக்குப் பயன் நிரூபணமாகவில்லை என்று 2019-ல் சொன்னது. 2020-ல் 15 ஆகியது. 2021 ஜனவரி முதல் நாளிலிருந்து பூஜ்யம். விற்கத் தடை இல்லை. விரும்பினால் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ளலாம். ஹானிமான் படுத்திருக்கும் ஊரிலேயே இந்த முடிவு.

இப்போது அந்தச் சீட்டுக்கு வருகிறேன்.

என் சித்திக்கு வயது 58. நின்று ஆறு வருஷம். ஒரு நாள் புடவையில் கறை பட்டிருந்தது. “மறுபடியும் வயசுக்கு வந்துட்டேன் போலிருக்குடி” என்று சிரித்தார். அனலும் இருக்கிறது என்றார். நான் என் மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அந்தப் பெரியவரிடம் அனுப்பவில்லை. கடையிலேயே கிடைக்கிறதே, எதற்கு அலைய வேண்டும் என்று சொன்னேன். படித்தவள், சொன்னவள், நான். சித்தி ஏழு மாதம் சாப்பிட்டார். கறை விட்டு விட்டு வந்தது. வராத மாதம் மருந்து வேலை செய்கிறது என்றோம். வந்த மாதம் கசடு வெளியேறுகிறது என்றோம். இப்படித் தோற்கவே முடியாத மருந்தாக அதை நாங்களே ஆக்கிவிட்டோம். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்தபோது கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்றுநோய். ஆபரேஷன், கதிர்வீச்சு. நாலு வருஷம் இருந்தார்.

இதை அந்தப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டினார். “கேக்காம குடுக்கறது மருந்தாம்மா? நின்ன பிறகு ரத்தம்னு என்கிட்ட சொல்லியிருந்தா, உருண்டை குடுக்காம ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேன்.” அவர் சொன்னது சரி. குப்பியில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவரிடம் ஏதோ இருந்தது என்றும் தெரியும். நான் சித்திக்குக் கொடுத்தது குப்பியை மட்டும்.

ஆகவே இந்த ஒன்றை மட்டும் இன்றைக்கு எழுதிக்கொள்ளுங்கள். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்கு. நம் நாட்டில் அது சராசரியாக 46, 47 வயதில். அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு சொட்டு பட்டாலும், வலி இல்லாவிட்டாலும், பரிசோதனைக்குப் போங்கள். பெரும்பாலானவர்களுக்குப் புற்றாக இருக்காது. இருக்கிறவர்களுக்கு சீக்கிரம் தெரிந்தால் பிழைக்கலாம். படபடப்பும் வியர்வையும் தைராய்டாலும் வரும், அதையும் பாருங்கள்.

இன்னொன்று, கடைகளில் ‘கியூ’ என்று போட்ட குப்பிகள் இருக்கும், மதர் டிங்சர். அது வேறு. அதில் செடியின் சாறு நிஜமாகவே இருக்கிறது, சாராயமும் இருக்கிறது. அசோகா கியூ, சிமிசிஃபியூகா கியூ என்று பெண்களே வாங்கிச் சொட்டு எண்ணிக் குடிக்கிறார்கள். சிமிசிஃபியூகா என்கிற பிளாக் கோஹோஷ் செடியின் மருந்துகளுக்குக் கல்லீரல் எச்சரிக்கை போட வேண்டும் என்று பிரிட்டன் 2006-லேயே சொல்லிவிட்டது. ஹோமியோபதிதானே, ஒன்றும் செய்யாது என்ற பேச்சு 30-க்கும் 200-க்கும் பொருந்தும். கியூவுக்குப் பொருந்தாது.

ஹார்மோன் மாத்திரை என்றால் நம் பெண்கள் பயப்படுவார்கள். அந்தப் பயத்துக்கும் ஒரு பிறந்தநாள் உண்டு, 2002 ஜூலை. அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள், மார்பகப் புற்று கூடுகிறது என்று. எவ்வளவு கூடியது? பத்தாயிரம் பெண்களில் வருஷத்துக்கு எட்டுப் பேர் அதிகம். அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63, அதாவது நின்று பல வருஷம் ஆனவர்கள். அறுபதுக்குள், நின்று பத்து வருஷத்துக்குள் இருப்பவர்களில் பலருக்கு நன்மையே அதிகம் என்றுதான் இன்றைக்கு மருத்துவச் சங்கங்கள் சொல்கின்றன. மார்பகப் புற்று வந்தவர்கள், ரத்தக் கட்டி வந்தவர்கள், கல்லீரல் கெட்டவர்கள் எடுக்கக் கூடாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் இருக்கின்றன. இதையெல்லாம் உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும். சொல்ல ஆளில்லாத இடத்தில்தான் “எடுத்துட்டா தொல்லை விட்டது” நுழைகிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள், முப்பது வயதுக்காரிகள்கூட, கூலி போகுமே என்று கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019-ல் வந்தது. சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் மெல்ல இறங்க வேண்டிய ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் இறங்கும். முப்பத்தைந்தில் நான் நாற்பத்தேழில் பட்டதைப் படுவார்கள், இன்னும் கொடூரமாக.

ஹோமியோபதி உருண்டை சாப்பிடாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பரிசோதனை எல்லாம் செய்துவிட்டு, வேறு மருந்து எதையும் நிறுத்தாமல், உங்கள் காசில், ஒரு நல்ல மனிதரிடம் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வருவதாக இருந்தால் போய் வாருங்கள். எனக்கு வேண்டியது வேறு. அந்த ஒரு மணி நேரம், அரை மணி போதும், கால் மணி கூடப் போதும், எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் மருத்துவமனையில் வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேண்டும். பிள்ளை பெறும் வயதில் நம்மை எண்ணி எண்ணிப் பார்க்கிறார்கள், எடை பார்க்கிறார்கள், அட்டை போடுகிறார்கள். பெற்று முடித்தவளுக்கு அட்டை இல்லை. வாரத்தில் ஒரு பிற்பகல், நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு என்று ஒரு அறை, அனுபவமுள்ள ஒரு நர்சம்மா, எழுதிக்கொள்ள ஒரு நோட்டு. தூக்கம் எப்படி, அனல் எத்தனை தடவை, கறை உண்டா, வீட்டில் யார் மேல் எரிச்சல், கழுத்தில் என்ன உறுத்துகிறது. மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், வாசல் மேசையில் இருக்கிறது, படித்துவிட்டு விருப்பமிருந்தால் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். எல்லோர் முன்னாலும் கேட்க முடியாதது என்றால், கூட்டம் முடிந்ததும் காபி கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். உருண்டை சாப்பிடுகிறவர்கள், அனல் அடிக்கிறவர்கள், இரண்டு தரப்பும் காபியை விட்டுவிட்டு மோர் கேளுங்கள். சொல்லி வைத்திருக்கிறேன், பெருங்காயம் போட்டது.